சொத்து வக்கீல்கள் பற்றி வரும் செய்தி, விருது, பட்டம்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்ட நீதிமன்றத்திலும் ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையிலும் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன் நான். இடம் வாங்கப் போகிறவர்களும் பங்குத் தகராறில் மாட்டியவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான்: பேப்பரில் பேர் வந்த வக்கீல் நல்லவரா, விருது வாங்கியவர் திறமைசாலியா, போர்டில் போட்டிருக்கும் பட்டத்துக்கு என்ன மதிப்பு. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் பத்திரத்தைப் படித்துச் சொல்ல வேண்டியவர் வக்கீல்தான்.

சொத்து வக்கீல்னு தனியா ஒரு பட்டம் இருக்காண்ணே?

இல்லை. 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம் இரண்டே வகை வக்கீல்களைத்தான் சொல்கிறது: மூத்த வழக்கறிஞர், மற்ற வழக்கறிஞர். சட்டம் படித்து, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் சிவிலும் பார்க்கலாம், கிரிமினலும் பார்க்கலாம், வரி வழக்கும் பார்க்கலாம்.

ஆனால் நடைமுறையில் அவரவருக்குக் கைவந்த வேலை வேறு வேறு. சிவில் பக்கமே எடுத்துக்கொண்டாலும் பாகப்பிரிவினை வழக்கில் ஊறியவர் ஒருவர், நில எடுப்பு இழப்பீட்டில் ஊறியவர் இன்னொருவர், கோயில் நில வழக்கு மட்டுமே பார்ப்பவர் மற்றொருவர். பத்திரம் படித்து ஒப்பீனியன் (சொத்தின் உரிமை சரியா என்ற சட்டக் கருத்து) எழுதுவதில் கெட்டிக்காரரான சிலர் கோர்ட்டில் வாயே திறக்க மாட்டார்கள். உங்களுக்கு எந்த வேலை ஆக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு ஆளைத் தேடுங்கள்.

"நில வழக்குகளில் சிறப்பு நிபுணர்"னு போர்டுலயே போட்டிருக்கார். நம்பிப் போகலாமா?

அந்த போர்டே விதிக்கு விரோதம். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் 36-ஆவது விதி, வக்கீலின் பெயர்ப் பலகை அளவாக இருக்க வேண்டும் என்கிறது. இன்ன வேலையில் நிபுணர் என்று பலகையிலோ லெட்டர்பேடிலோ போடக் கூடாது. பார் கவுன்சில் உறுப்பினராகவோ வக்கீல் சங்கத் தலைவராகவோ இருந்தேன் என்றும், முன்னாள் நீதிபதி என்றும், முன்னாள் அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்) என்றும்கூட எழுதக் கூடாது.

2008-ல் ஒரு தளர்வு வந்தது. வக்கீல் சொந்தமாக இணையப் பக்கம் வைத்துக்கொண்டு பெயர், முகவரி, பதிவு விவரம், படிப்பு, எந்தத் துறையில் வழக்காடுகிறார் என்பதைப் போடலாம். அதற்கு மேல் "ஆயிரம் கேஸ் ஜெயித்தவர்" மாதிரி எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். தன் தொழிலின் விதியையே படிக்காதவர் உங்கள் மூலப்பத்திரத்தை எவ்வளவு ஊன்றிப் படிப்பார் என்று நான் யோசிப்பேன்.

டாக்டர், நகைக்கடை எல்லாம் விளம்பரம் பண்றாங்க. பெரிய வக்கீல் ஆபீஸ் ஏன் பண்றதில்ல?

அதே 36-ஆவது விதிதான். வக்கீல் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை தேடி விளம்பரம் செய்யக் கூடாது; தரகர் வைத்தும் ஆள் பிடிக்கக் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணைய சேவைத் தளங்கள் வழியாக வேலை தேடும் வக்கீல்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. வக்கீல்களுக்கு ஸ்டார் போட்டு வரிசைப்படுத்துவதையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. 2025 மார்ச்சில் பார் கவுன்சிலே, நடிகர்களையும் பிரபலங்களையும் வைத்து விளம்பரம் செய்வதைக் கண்டித்து அறிக்கை விட்டது.

ஆகவே விளம்பரமே இல்லாத, பெயர்ப் பலகைகூட மங்கிப்போன ஒரு மாடி அறையில் மதுரையின் நல்ல சிவில் வக்கீல் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். விளம்பரம் இல்லை என்பதை வைத்து யாரையும் எடை போட முடியாது.

பேப்பர்ல "கோர்ட் அதிரடி உத்தரவு"னு வக்கீல் பேரோட செய்தி வந்துச்சு. எங்க கேஸும் அதே மாதிரிதான். அவர்கிட்டயே குடுத்துடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். செய்தியில் வருவது பெரும்பாலும் வழக்கின் ஒரு நாள் மட்டும். அந்த நாளில் என்ன உத்தரவு வந்தது என்பதைப் பார்க்காமல் 'ஜெயித்தார்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மதுரைக் கிளையில் நில விஷயமாக வரும் ரிட் மனுக்களில் (அரசு அதிகாரிக்கு உத்தரவிடச் சொல்லிக் கேட்கும் மனுக்கள்) நிறைய கேஸ் இப்படித்தான் முடியும்: "மனுதாரர் கொடுத்த விண்ணப்பத்தைத் தாசில்தார் சட்டப்படி பரிசீலித்து, இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்." செய்தியில் "ஆக்கிரமிப்பை அகற்றக் கோரிய வழக்கில் தாசில்தாருக்கு உயர் நீதிமன்றம் உத்தரவு" என்று வரும். படிக்கிறவருக்கு ஆக்கிரமிப்பே போய்விட்ட மாதிரித் தோன்றும். உண்மையில் தாசில்தார் பரிசீலித்து 'முடியாது' என்றும் சொல்லலாம். இந்த உத்தரவை வாங்கிக்கொடுப்பதும் ஒரு வேலைதான், தப்பில்லை. ஆனால் இதை வைத்து நிலம் யாருடையது என்பது தீர்வதில்லை.

இரண்டாவது, இடைக்காலத் தடை. 'ஸ்டே வாங்கிட்டார்' என்பது ஊரில் பெரிய பேச்சாக ஓடும். எதிர்த்தரப்பு வந்து பதில் மனுப் போட்டதும் அது நீங்கிப்போவது சாதாரணம். நீங்கியது செய்தியாக வராது. மூன்றாவது, 'நோட்டீஸ் அனுப்ப உத்தரவு'. அது எதிர்த்தரப்பைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வைப்பதும், அதையொட்டிப் படம் வெளியிடச் செய்வதும் மேலே சொன்ன அதே விதியில் தடை செய்யப்பட்டவை. நிருபர் கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதுவது வேறு. ஒரே வக்கீலின் படம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது எப்படி வருகிறது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த உத்தரவை நானே பார்க்க முடியுமா? இல்ல வக்கீல் மூலமாத்தான் பார்க்கணுமா?

நீங்களே பார்க்கலாம், காசில்லாமல். கீழ்க்கோர்ட் வழக்குகள் இ-கோர்ட்ஸ் தளத்திலும் செயலியிலும் இருக்கின்றன. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு, அது தெரிந்தால் வாய்தா தேதிவரை எல்லாம் வந்துவிடும். வக்கீல் பெயரைப் போட்டும் தேடலாம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் தளத்தில் கிடைக்கும். வழக்கு எண்ணோடு 'எம்.டி.' என்று சேர்ந்திருந்தால் அது மதுரைக் கிளை வழக்கு. எஸ்.ஏ. என்றால் இரண்டாம் மேல்முறையீடு, ஏ.எஸ். என்றால் முதல் மேல்முறையீடு, சி.ஆர்.பி. என்றால் சிவில் சீராய்வு மனு, டபிள்யூ.பி. என்றால் ரிட்.

தீர்ப்பின் தலைப்பகுதியில் எந்தத் தரப்புக்கு எந்த வக்கீல் ஆஜரானார் என்று பெயரோடு இருக்கும். ஒருவர் நிலத் தகராறுகளில் உண்மையிலேயே உழைத்தவரா என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அத்தாட்சி இல்லை. அதிலும் அவர் வாதாடிய தீர்ப்பு சட்ட இதழில் அச்சாகி, மற்ற கோர்ட்டுகளில் மேற்கோளாக ஓடினால் அதுதான் சாதனை. 1891-லிருந்து வரும் மெட்ராஸ் லா ஜர்னல் போன்றவற்றில் பேர் வந்ததைச் சத்தம் போட்டுச் சொல்லாத வக்கீல்கள் நிறையப் பேர்.

தோற்ற தீர்ப்பையும் படியுங்கள். கட்சிக்காரரின் பத்திரமே ஓட்டையாக இருந்தால் யார் வாதாடினாலும் தோற்கத்தான் வேண்டும்.

எங்க வக்கீல் "எங்க சீனியர்"ங்கிறார், பேப்பர்ல "சீனியர் அட்வகேட்"ங்கிறான். ரெண்டும் ஒண்ணா?

இரண்டும் வேறு. ஜூனியர் வக்கீல் தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரைச் 'சீனியர்' என்பார். அது சேம்பர் பேச்சு. 'மூத்த வழக்கறிஞர்' என்பது உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ சட்டப்படி கொடுக்கும் தகுதி. தலை நரைத்ததால் வருவதில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. 2025 மே மாதம் அந்த மதிப்பெண் முறை வேண்டாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

வக்கீல்கள் வாங்கும் கௌரவங்களில் உண்மையான எடை உள்ளது இதுதான். ஆனால் நிலம் வாங்குகிறவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூத்த வழக்கறிஞர் வக்காலத்துப் போட முடியாது, கட்சிக்காரரிடம் நேரடியாகக் கேஸ் வாங்க முடியாது, கிரயப் பத்திரம் எழுதித்தரும் வேலையும் செய்யக் கூடாது. இன்னொரு வக்கீல் மூலமாகத்தான் அவரை அமர்த்த வேண்டும். பத்து சென்ட் வாங்குவதற்கு மூத்த வழக்கறிஞரைத் தேடி அலைய வேண்டியதில்லை; உயர் நீதிமன்றத்தில் பெரிய மேல்முறையீடு வந்தால் அப்போது உங்கள் வக்கீலே யோசனை சொல்வார்.

அரசு வழக்கறிஞரா நியமனம் ஆயிட்டார்னு வாழ்த்து போஸ்டர் ஒட்டியிருக்காங்க. அப்போ ஆபீஸ்ல எல்லாம் நம்ம வேலை சீக்கிரம் நடக்கும்ல?

அந்த நினைப்பையே விடுங்கள். அரசு வழக்கறிஞர், கூடுதல் அரசு வழக்கறிஞர், கூடுதல் அட்வகேட் ஜெனரல், ஏதாவது ஒரு வாரியத்தின் நிலை வழக்கறிஞர் எல்லாமே நியமனப் பதவிகள். ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறும். தகுதி உள்ளவர்களும் வருவார்கள், கட்சித் தொடர்பால் வந்தவர்களும் இருப்பார்கள்.

முக்கியமாக, அரசுக்காக ஆஜராகிறவர் உங்களுக்காக அரசை எதிர்த்து நிற்க முடியாது. உங்கள் தகராறு தாசில்தாரோடோ மாநகராட்சியோடோ அறநிலையத் துறையோடோ என்றால், போஸ்டரில் இருப்பவர் எதிர்த்தரப்பு வக்கீலாகத்தான் வருவார்.

ஹைகோர்ட் ரிடையர்ட் ஜட்ஜ் ஒருத்தர் நம்ம கேஸ்ல ஆஜராவார்னு புரோக்கர் சொல்றார். உண்மையா?

சென்னை உயர் நீதிமன்றத்தில் நிரந்தர நீதிபதியாக இருந்தவர் என்றால் மதுரையில் நடக்காது. அரசியலமைப்பின் 220-ஆவது பிரிவுப்படி, உயர் நீதிமன்றத்தில் நிரந்தர நீதிபதியாக இருந்தவர் உச்ச நீதிமன்றத்திலும் வேறு மாநில உயர் நீதிமன்றங்களிலும்தான் வாதாடலாம். அப்படிப்பட்டவர் ஒத்தக்கடைக் கிளையிலும் ஆஜராக முடியாது, எந்த முன்சீப் கோர்ட்டிலும் ஆஜராக முடியாது. எழுத்தில் கருத்து கொடுப்பது வேறு. புரோக்கர் சொல்வதில் இது ஒன்று பொய்யென்றால், மீதியையும் சரிபாருங்கள்.

லெட்டர்பேடுல "சுப்ரீம் கோர்ட் வக்கீல்"னு இருக்கே?

எந்த வக்கீலும் இந்தியாவின் எந்தக் கோர்ட்டிலும் வாதாடலாம், உச்ச நீதிமன்றம் உட்பட. ஆகவே அந்த வரியால் பெரிதாக ஒன்றும் தெரியவராது. அங்கே மனுத் தாக்கல் செய்ய மட்டும் 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' வேண்டும். அது உச்ச நீதிமன்றமே நடத்தும் தேர்வில் தேறியவர்களுக்குத்தான். வழக்கு டெல்லிக்குப் போகும்போது அதைக் கேளுங்கள்.

"சிறந்த ரியல் எஸ்டேட் வழக்கறிஞர்" விருது வாங்கியிருக்கார். சங்கத் தலைவராவும் இருந்திருக்கார். அதுக்கு மதிப்பில்லையா?

விருதைக் கொடுத்தது யார், எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பணம் கட்டினால் கேடயமும் மேடையும் கொடுக்கும் அமைப்புகள் எல்லாத் தொழிலிலும் இருக்கின்றன. வக்கீல் தொழிலில் அரசோ கோர்ட்டோ 'சிறந்த சொத்து வக்கீல்' என்று யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை.

சங்கத் தேர்தலில் ஜெயித்தவர் சக வக்கீல்களிடம் செல்வாக்கு உள்ளவர். அவ்வளவுதான். சில தலைவர்கள் அருமையான சிவில் வக்கீல்கள். சிலருக்குச் சங்க வேலைக்கே நேரம் போதாது, வாய்தாவுக்கு ஜூனியர்தான் வருவார்.

அப்போ மதுரையில பேர் எடுத்த வக்கீல்னு யாரைத்தான் சொல்றது?

இன்றைக்குத் தொழிலில் இருப்பவர் யார் பெயரையும் நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நானே தரகன் ஆகிவிடுவேன். பழைய ஆட்களைச் சொல்லலாம். ரோசாப்பூ துரை என்று ஊர் கூப்பிட்ட பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சிக்கிய கள்ளர் மக்களுக்காகக் கோர்ட்டில் நின்றவர். வக்கீல் வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனவர். இரண்டு பேரையும் ஊர் இன்னும் மறக்கவில்லை. நிலம் வாங்க வந்தவரிடம் இதைச் சொல்லி என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லைதான், கேட்டதால் சொன்னேன்.

பேங்க் லோன் போட்டாச்சு. பேங்க் வக்கீலே பத்திரம் பார்த்து ஓகே சொல்லிட்டார். இன்னொரு ஒப்பீனியன் எதுக்கு?

பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்குக்காக. கடன் திரும்ப வருமா, அடமானம் செல்லுமா என்பதுதான் அவர் கவலை. கிழக்கே பாதை உண்டா, கண்மாய்க்கரை உள்ளே வருகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு அடி உள்ளே கட்டியிருக்கிறாரா என்பதெல்லாம் உங்கள் கவலை. அந்த ஒப்பீனியனின் நகல்கூட உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

ஒப்பீனியன் தப்பாகிப்போனால் வக்கீலைக் கிரிமினல் கேஸில் பிடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். மோசடியில் அவருக்கும் பங்கு இருந்தது என்று காட்டினால் ஒழிய, தப்பான கருத்துக்காக மட்டும் குற்றவழக்கு நிற்காது என்று 2012-ல் நாராயண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கே பேங்க் தன் பட்டியலில் வைத்திருந்த வக்கீல் ஒருவரைப் பற்றியதுதான்.

நல்ல ஒப்பீனியன்னா அதுல என்னென்ன இருக்கணும்? எங்களுக்கு எப்படித் தெரியும்?

வாயால் "தாராளமா வாங்குங்க" என்பது ஒப்பீனியன் இல்லை. எழுத்தில், கையெழுத்தோடு, எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தார் என்ற பட்டியலோடு வாங்குங்கள். மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய சொந்தக்காரர்வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று அதில் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று (சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) குறைந்தது 30 வருஷத்துக்குப் பார்ப்பது வழக்கம். இணையத்தில் 1975-க்குப் பிந்தையது பெரும்பாலும் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் ஆபீஸில் மனுப் போட வேண்டியிருக்கலாம். பதியாத உயில், வாய்மொழிப் பாகம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு இவையெல்லாம் வில்லங்கத்தில் தெரியாமல் போகலாம். அதனால்தான் இ-கோர்ட்ஸில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடச் சொல்கிறேன். வழக்கு நடக்கும்போது வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டும்.

அப்புறம் பட்டா. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. 1980-களில் நிலக் கணக்கைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்பில் பெயரும் பரப்பும் மாறிப்போன சர்வே எண்கள் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இன்னும் உண்டு. பழைய அ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பத்திரத்தோடு ஒப்பிட்டாரா என்று கேளுங்கள்.

மதுரைப் பக்கம் நிலத்தின் பழைய வகையையும் பார்த்தாக வேண்டும். ஜமீன் நிலம் என்றால் 1948-ஆம் வருஷத்து ஒழிப்புச் சட்டம், சிறு இனாம் (முன்பு மானியமாகக் கொடுத்த நிலம்) என்றால் 1963-ஆம் வருஷத்து ஒழிப்புச் சட்டம். அதன்படி அரசு தரும் ரயத்துவாரிப் பட்டா யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் கதை இருக்கும். கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை அவர்கள் அல்லாதவருக்கு விற்க முடியாது. கண்மாய், ஓடை, வாய்க்கால் புறம்போக்கில் ஒரு மூலை வந்தாலும் வீடு கட்டிய பிறகு இடிப்பு நோட்டீஸ் வரும்.

பெண் பிள்ளைகள் கையெழுத்து இன்னொரு பெரிய விஷயம். இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-லிருந்தே, அதற்கு முன் கல்யாணம் ஆகாதவர்களுக்கு இருந்தது. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் தெளிவானது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்த பாகத்தையும் விற்பனையையும் இது தொடாது. "அக்கா தங்கச்சிக்கெல்லாம் சீர் செஞ்சாச்சு" என்று விற்பவர் சொன்னால் வக்கீல் தலையாட்டக் கூடாது. பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேட்க வேண்டும்.

மனை என்றால் அங்கீகாரம். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைப் பதிவுக்குத் தடை போட்டபின் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20 வரை போட்ட மனைகளுக்குத்தான். பவரில் விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வெறும் பவரும் அக்ரிமெண்டும் கையில் இருந்தால் நிலம் உங்களுடையது ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் எதையும் கேட்காமல் அரை மணி நேரத்தில் ஒப்பீனியன் கொடுப்பவர் எத்தனை விருது வாங்கியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சார்பதிவாளரே பதிஞ்சு குடுத்துட்டார். அப்புறம் உரிமையில என்ன சந்தேகம்?

விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளர் வேலை இல்லை. உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் ஒன்றை ரத்து செய்தபோது இதைச் சொன்னது. அசல் பத்திரம் கேட்பது பற்றிய விதிகள் மாறிக்கொண்டே வரும். பதிவு ஆகிவிட்டது என்பதால் ஓட்டைப் பத்திரம் நல்ல பத்திரம் ஆவதில்லை. இல்லாவிட்டால் போலிப் பத்திர வழக்குகளே வராதே.

போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து பண்ணலாம்னு செய்தி பார்த்தேன். கோர்ட்டுக்குப் போகாமலே முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார்...

பழைய செய்தியைப் பார்த்திருக்கிறீர்கள். பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்ற பிரிவை 2022-ல் தமிழ்நாடு கொண்டுவந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டச் செய்தியைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். அதற்குப் பிறகு மேல்முறையீட்டில் என்ன ஆனது என்றும் வக்கீலிடம் கேளுங்கள். அதைக் கேட்டதும் அவர் முழித்தால் அவருக்கும் பழைய செய்திதான் தெரியும்.

விமான நிலையம், ரிங் ரோடுன்னு நிலம் எடுத்தப்போ "ஜெயிச்சா நூத்துக்குப் பத்து குடுங்க, தோத்தா ஒண்ணும் வேணாம்"னு சொன்னாங்களே. நல்ல டீல்தானே?

கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் வக்கீலுக்குத் தடை. இழப்பீட்டுத் தொகை கூடினால் பத்து சதவீதம் என்பது லட்சக்கணக்கில் போகும். ஃபீஸை முதலிலேயே தொகையாகப் பேசி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

காசில்லை என்று இந்த டீலுக்குள் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும். மற்ற ஏழைகளுக்கும் வருமான வரம்புக்குள் உண்டு.

பிளாட் விக்கிறவரே வக்கீலையும் கூட்டிட்டு வர்றார். இன்னொரு இடத்துல வக்கீலே பிளாட் போட்டு விக்கிறார். ஒரே இடத்துல வேலை முடிஞ்சிடும்ல?

முடியும், யாருக்குச் சாதகமாக என்பதுதான் கேள்வி. விற்பவரின் வக்கீல் விற்பவருக்காகத்தான் பார்ப்பார். வக்கீல் தன் ஃபீஸை வக்கீல் அல்லாதவரோடு பங்கு போடக் கூடாது. புரோக்கருக்குக் கமிஷன் என்பதே விதிமீறல். வக்கீல் தானே முன்னின்று வியாபாரம் செய்வதும் கூடாது. பணம் மட்டும் போட்டு நிர்வாகத்தில் தலையிடாத தூங்கும் பங்குதாரராக இருக்க மட்டும் இடம் உண்டு. மனை விற்கிற வக்கீலிடம் அந்த மனைக்கே ஒப்பீனியன் கேட்பது, மாடு விற்கிறவனிடமே பல் பிடித்துப் பார்க்கச் சொல்கிற மாதிரி.

வக்கீலை மாத்தணும். பாக்கி ஃபீஸ் குடுத்தாத்தான் கட்டு தருவேங்கிறார். அதுல எங்க ஒரிஜினல் பத்திரம் இருக்கு.

கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த விஷயம் இது: ஃபீஸ் பாக்கி என்றால் தனியாக வழக்குப் போட்டு வாங்கலாம், கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முதலில் மரியாதையாகக் கேளுங்கள், உண்மையிலேயே பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள். வக்காலத்து மாற்ற அவர் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சம்மதம்) தர மறுத்தால் கோர்ட்டில் அனுமதி கேட்டு மனுப் போடலாம்.

இதற்கெல்லாம் போகாமல் இருக்க ஒரு வழி: ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். பார்ப்பதற்கு நகல் போதும். கோர்ட்டில் தாக்கல் செய்ய ஒரிஜினல் கொடுக்கும்போது பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

வக்கீல் ஏமாத்திட்டார்னு தோணுது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேஸ் தோற்றது மட்டும் ஏமாற்று ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள். பணத்தைக் கையாண்டது, சொல்லாமல் சமாதானம் பேசியது, இரண்டு பக்கமும் வேலை பார்த்தது, வழக்கே போடாமல் போட்டதாகச் சொன்னது: இவை வேறு கதை. நஷ்டத்துக்கு சிவில் கோர்ட், மோசடி என்றால் போலீஸ்.

தொழில் முறைகேட்டுக்கு மாநில பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆவது பிரிவின் கீழ் புகார் கொடுக்கலாம். ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் விசாரணை பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்குப் போகும். புகாரில் அவருடைய பதிவு எண்ணையும் ஆண்டையும் எழுத வேண்டும். வக்காலத்திலேயே அது இருக்கும், கையெழுத்துப் போடும்போது குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை பார் கவுன்சிலில் கேட்டால் அவர் வக்கீல்தானா என்பதும் தெரிந்துவிடும்; கறுப்புக் கோட்டுப் போட்ட எல்லோரும் வக்கீல் இல்லை.